படுத்தால் கூடும் வலி

வகுப்பில் நின்றுகொண்டு 'வினையெச்சம்' என்ற சொல்லைத் தேடினேன். வருடக்கணக்காக நான் நடத்தும் பாடம். சொல் வரவில்லை. முன்வரிசை மாணவி எடுத்துக் கொடுத்தாள். ஓய்வறையில் சொன்னபோது, "மாதவிடாய் நிக்கப்போகுது, அதான்" என்றார்கள். முதுகெலும்பு மூட்டழற்சிக்கு நான் மாத்திரை சாப்பிடுவது அவர்களுக்குத் தெரியும்.

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரம் தெருக்களில் விற்கும் ஓர் அக்கா சொன்னார்: "கணக்கு நிக்க மாட்டேங்குது டீச்சர். என்ன வெலைக்கு எடுத்தேன்னு நடுவுல மறந்துடுது." பணத்தை ஒளிக்கிறாள் என்று வீட்டில் சண்டை. விடியுமுன் எழும்போது முதுகு கட்டையாக இருக்கும். நடந்து நடந்துதான் இளகும். மருத்துவர் ஓய்வெடு என்றார். சொந்தக்காரர்கள், பிரசவ ஆபரேஷனில் முதுகில் போட்ட ஊசி என்றார்கள். எந்தப் பெண்ணின் முதுகு வலிக்கும் நம் ஊரில் அந்த ஊசிதான் பதில்!

படுத்தால் கூடி நடந்தால் குறைவது சுமை தூக்கிய வலியின் குணமல்ல. 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பினால் அது அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை அழற்சியாக இருக்கலாம். மருத்துவம் நெடுங்காலம் இதை வாலிபர்களின் நோய் என்றே நம்பியது. 1984இன் நியூயார்க் அளவுகோல், இடுப்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டின் சேதத்தை எக்ஸ்ரேயில் கேட்டது. பெண்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் மெதுவாகவே தெரிகிறது. படத்தில் தெரியாதவள் நடிக்கிறாள் என்று ஆயிற்று. எம்.ஆர்.ஐ.யில் தெரிவதையும் கணக்கில் எடுக்கும் வரையறை 2009இல்தான் வந்தது.

மறதிக்கு வருகிறேன். அழற்சியின்போது சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் மூளையின் வேலையையும் பாதிக்கின்றன. காய்ச்சல் நாளில் தலை மந்தமாவதில் இவற்றுக்குப் பங்குண்டு. இந்நோயாளிகளின் கவனமும் நினைவும் தடுமாறுவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம்தான். அதற்காகக் கேட்காமலே இருப்பதா? நோயின் தீவிரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் படிவம் 1994இல் இங்கிலாந்தின் பாத் நகரில் உருவானது. ஆறு கேள்விகள். களைப்பு, வலி, வீக்கம், விறைப்பு எல்லாம் உண்டு. யோசிக்க முடிகிறதா என்பது இல்லை. நம் ஊனச் சான்றிதழுக்கும் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது ஒரு முக்கியக் கணக்கு. 40 சதவீதம் தேறாவிட்டால் 2016 சட்டத்தின் இடஒதுக்கீடு கிடையாது. மனக்கணக்கில் பிழைக்கும் மீன்காரியின் இழப்பை எந்த டிகிரியில் அளப்பார்கள்?

போன மாதம் அக்காவோடு மருத்துவமனைக்குப் போனேன். கணக்கு தவறுவதைத்தான் தாளில் முதல் வரியாக எழுதியிருந்தோம். மருத்துவர் அதைத் தாண்டி வலியைக் கேட்டார். அக்கா தாளைத் திரும்ப அவர் பக்கம் தள்ளி, முதல் வரியில் விரலை வைத்தார்.