அப்பா காதுக்கு 5,000 வெள்ளி வேஸ்ட்டா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்துலதான் எழுதுறேன். பொறுத்துப் படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துல பரிமாறிக்கிட்டு இருந்தேன். ஒரு பெரியவர்கிட்ட "ஐயா, ரசம் போடவா?"ன்னு மூணு தடவை கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார். ஊத்தப் போனதும் பதறிப் போய் இலையை மறைச்சார். பக்கத்துல இருந்த மகன் சொல்றார்: "அண்ணே, அவருக்குக் காது கேக்காது. மிஷின் வாங்கணும்னா 5,000 வெள்ளியாம். இந்த வயசுல எதுக்கு வேஸ்ட்டு?" அப்பா அதுக்கும் சிரிச்சார். தன்னைப் பத்தித்தான் பேசுறாங்கன்னுகூட அவருக்குத் தெரியல. அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லல. நம்ம வீடுகள்ல பாதி இப்படித்தான். கண்ணு மங்கினா கண்ணாடி வாங்கித் தர்றோம். பல்லு போனா பல் செட் கட்டித் தர்றோம். காது போனா மட்டும் முதல்ல கத்துறோம், அப்புறம் எரிச்சல் படுறோம், கடைசியில பேசுறதையே நிறுத்திடுறோம். கூட்டத்துக்கு நடுவுல தனியா உட்கார வைக்கிறதுக்குப் பேர் பெற்றோரைப் பார்த்துக்கிறதா?

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. பேக்டரியில பிரஸ் மிஷின் பக்கத்துல 28 வருஷம். இளம் வயசுல இயர்பிளக்கை பாக்கெட்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சவன். காது டெஸ்ட்ல குறை தெரிஞ்சும் நாலு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. "தாத்தாகிட்ட சொல்லாதீங்க, அவருக்குக் கேக்காது"ன்னு பேத்தி சொன்ன அன்னிக்குத்தான் புத்தி வந்துச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். ரெண்டு காதுக்கும் 5,800 வெள்ளி கொடுத்தேன். அஞ்சு வருஷம் உழைச்சா ஒரு நாளைக்கு மூணு வெள்ளி சொச்சம். பேட்டரி செலவு இன்னொரு வெள்ளி. மொத்தம் ரெண்டு தே தாரிக் காசு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போன் மாத்துற வீட்ல இது வேஸ்ட்டா?

குறையையும் மறைக்க மாட்டேன். கண்ணாடி மாதிரி போட்ட உடனே சரியாயிடாது. முதல் மாசம் தட்டு விழுந்தாகூட இடி மாதிரி கேக்கும். கூட்டத்துல, மேளச் சத்தத்துல பேச்சு முழுசா பிரியாது. நம்ம ஊர் வேர்வைக்கு ராத்திரியில காய வைக்கிற டப்பாவுல வைக்கணும். திரும்பத் திரும்பப் போய் டியூன் பண்ணணும். அதுக்குப் பொறுமை இல்லாதவங்கதான் டிராயர்ல போட்டு வச்சுட்டு "பிரயோஜனம் இல்ல"ன்னு ஊரெல்லாம் சொல்றாங்க.

பலன்? 2023ல அமெரிக்காவுல 70 வயசு தாண்டின ஆயிரம் பேர் கிட்ட மூணு வருஷம் ஆராய்ச்சி செஞ்சாங்க. எல்லாருக்கும் வித்தியாசம் தெரியல. ஆனா ஏற்கனவே ஞாபகம் குறையுற ஆபத்து அதிகமா இருந்தவங்களுக்கு, காது மிஷின் போட்டதும் அந்தக் குறைவோட வேகம் ஏறக்குறைய பாதியா ஆச்சு. எனக்கு அதைவிடப் பெரிய பலன், சந்நிதியில ஓதுவார் பாடுறது மறுபடி வார்த்தை வார்த்தையா கேக்குது.

ஆன்லைன்ல 100 வெள்ளிக்கு வர்ற சாமானை வாங்கி ஏமாறாதீங்க. அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஏத்தும். டெஸ்ட் எடுத்து, உங்க காதுக்கு எது குறையுதோ அதை மட்டும் ஏத்துறதுதான் உண்மையான மிஷின்.

முதல்ல கிளினிக் கெசிஹாத்தான் போங்க. சில பேருக்கு வெறும் அழுக்குதான் அடைச்சிருக்கும். இல்லன்னா அரசாங்க ஆஸ்பத்திரிக்கு லெட்டர் வாங்குங்க. திடீர்னு ஒரு காது அடைச்சா அன்னிக்கே ஓடுங்க, நாள் கடத்தாதீங்க. பேக்டரி சத்தத்தால காது போனவங்க சொக்சோவுல கேளுங்க; அது தொழில் நோய் பட்டியல்ல இருக்கு. ஓகேயு கார்டு இருக்கிற பெற்றோருக்கு மிஷின் வாங்கினா வருமான வரியில 6,000 வெள்ளி வரைக்கும் கழிவு உண்டு.

கடைசியா நம்ம கோயிலுக்கே ஒரு வார்த்தை. நிர்வாகத்தார் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. 2019 சட்டப்படி பேக்டரியில எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாக் குறையும். திருவிழாவுல ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாடி கைக்குழந்தையோட நிக்கிறோம். சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது. வால்யூமைக் குறைங்க.

அந்தப் பெரியவரோட மகன் இதைப் படிச்சா, தம்பி, கோபப்படாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை என் மிஷினைக் காட்டுறேன். டெஸ்டுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போக வண்டி வேணும்னா நானே வர்றேன்.

முருகன் துணை.