பானெட்டைத் தூக்கினா பச்சை

மூணு வாரமா எங்க குடும்ப வாட்ஸப் குழுவில ஒரே ரகளை. சொத்துத் தகராறு இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. அப்பாவோட பழைய காருக்கு, பானெட்டுக்கு உள்ளே என்ஜின் உட்கார்ற இடத்துக்கு, என்ன கலர் அடிக்கறதுங்கறதுதான் விஷயம். சிரிக்காதீங்க. உங்க வீட்டுலயும் ஒரு பழைய தையல் மெஷினோ மர்ஃபி ரேடியோவோ இருக்கும், அதைத் தொட்டுப் பாருங்க, எத்தனை பேருக்கு ரோஷம் வருதுன்னு தெரியும்.

எங்க ஊர் பெருமாட்டி. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. கேரளாதான், ஆனா வீட்டுல தமிழ், பெயிண்ட் வாங்கறது பொள்ளாச்சியில, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பாரம் மட்டும் மலையாளத்துல. "அது எங்கே இருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு பிளாச்சிமடைன்னு சொன்னா சட்டுனு புரியும். தண்ணிப் பிரச்சினையில 2004ல உற்பத்தியை நிறுத்தின கோகோ கோலா ஆலை எங்க பஞ்சாயத்துலதான் இருக்கு. பக்கத்து ஊர் பேரு வண்டித்தாவளம். வண்டிக்குன்னே பேரு வச்ச ஊருக்குப் பக்கத்துல இருந்துட்டு கார்ப் பைத்தியம் இல்லாம எப்படி :-)

கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அம்பாசிடர் தெரியும், ஃபியட் பத்மினி தெரியும், ஹெரால்டைத் தெரியாது. அது நம்ம மெட்ராஸ் வண்டி. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில செஞ்சது. இங்கிலாந்துல 1959ல டிரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்ததை 1961ல இருந்து இங்கே செஞ்சாங்க. வரைஞ்சவர் மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். 948 சிசி என்ஜின். ரோட்டை அடைச்சுக்கிட்டு மாடு நின்னாலும் அப்படியே திருப்பிட்டு வந்துடலாம், அந்த அளவுக்கு சின்ன வட்டத்துல திரும்பும். பின்னாடி நாலு கதவு வச்சும் செஞ்சாங்க, அது இங்கிலாந்துக்காரனுக்கே கிடைக்காதது. 1972ல கெஸல்னு ஒண்ணு வந்தது. 1985ல ஸ்டாண்டர்டு 2000 வந்து மூணு வருஷத்துல அதுவும் நின்னுது. அதோட கதை முடிஞ்சுது.

ஹெரால்டோட விசேஷமே பானெட்தான். மத்த கார்ல ஒரு தகரத்தை மட்டும் தூக்குவோம். இதுல ரெண்டு பக்கமும் இருக்கற கொக்கியைக் கழட்டிட்டுத் தூக்கினா மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்மூஞ்சி மொத்தமா முன்பக்கமா சாயும். முதலை வாயைத் திறந்த மாதிரி. முன் சக்கரம், சஸ்பென்ஷன், சேஸிஸ் எல்லாம் வெட்டவெளியில தெரியும். மெக்கானிக் டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே வேலை பாக்கலாம். அதனால மத்த கார்ல யாரும் கண்டுக்காத இந்தக் கலர் விஷயம் ஹெரால்டுல பாதி காரோட விஷயம்.

இப்ப சண்டைக்கு வருவோம். எங்க கார் வெளியே க்ரீம், உள்ளே பச்சை. அப்பா அதை ரெண்டாவது கையா வாங்கினப்ப முழுசும் வெளிர் பச்சை. 1983ல அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி க்ரீம் அடிச்சாரு. ஆர்.சி. புத்தகத்துலயும் முறையா மாத்தி எழுதி வாங்கியாச்சு. என்ஜினை இறக்கிப் பெயிண்ட் அடிக்கக் காசு இல்லை, நேரமும் இல்லை. அதனால பானெட்டோட உள்பக்கம், என்ஜினுக்குப் பின்னாடி இருக்கற தடுப்புத் தகரம், பேட்டரி உட்கார்ற தட்டு எல்லாம் கம்பெனி பச்சையிலேயே நின்னு போச்சு. பழைய கார் வாங்கப் போறவங்க முதல்ல பானெட்டைத் தூக்கிப் பாக்கறது இதுக்குத்தான். வெளியே ஒரு கலர், உள்ளே ஒரு கலர்னா வண்டிக்கு ஒரு பூர்வ ஜென்மம் இருக்குன்னு அர்த்தம்.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப வண்டியை எடுத்துச் செய்யலாம்னு நாங்க மூணு பேரும் காசு போட்டிருக்கோம். டிங்கரிங் வேலை முடிஞ்சுது. என்ஜின் வெளியே இறங்கியிருக்கு. ஐம்பது வருஷத்துல முதல் தடவையா அந்த இடம் காலியாத் தெரியுது. ஆளுக்கொரு யோசனை வராம இருக்குமா?

அண்ணன் துபாயில. அவருக்கு வெளியே உள்ளே எல்லாம் பச்சையாக்கி, கம்பெனியில இருந்து வந்த மாதிரி நிறுத்தணும். பெங்களூர்ல பழைய கார் சேர்க்கறவங்க நல்ல விலை தருவாங்கன்னு ஒரு கணக்கும் இருக்கு. அண்ணன் பையனுக்கு கறுப்பு. பளபளன்னு இல்லை, மங்கல் கறுப்பு. யூட்யூப்ல மஸ்டாங் பாத்துப் பாத்து வந்த ஆசை. மேஸ்திரி அண்ணனோ, "தம்பி, சில்வர் ஒரு கை அடிச்சுட்டா எல்லாம் ஒண்ணாட்டம் ஆயிருமுங்க. பாக்கறக்கு நீட்டா இருக்கும்"னு சொல்றாரு. அம்மா ஒரே வார்த்தைதான். "ஐப்பசிக்குள்ள முடிங்கடா."

நான் சொல்றது, உள்ளே பச்சை அப்படியே இருக்கட்டும், வெளியே க்ரீமே இருக்கட்டும். இதுக்கு என் தரப்புக் காரணங்களைக் கொஞ்சம் விலாவாரியாவே சொல்லிடறேன், ஏன்னா குழுவில எழுதினா யாரும் படிக்கறதில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடறாங்க.

முதல்ல கறுப்பு. நான் இருக்கறது டெட்ராய்டு பக்கம். இங்கே 1995ல இருந்து வருஷா வருஷம் ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை வுட்வர்டு ரோட்டுல பழைய கார் ஊர்வலம் நடக்கும். தேர்த் திருவிழாதான். அத்தனை பேரும் பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு, பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாங்க. அங்கே நடந்து பாத்தா ஒண்ணு தெரியும். அறுபதுகள்ல ஃபோர்டு, ஷெவர்லே கம்பெனிக்காரங்க என்ஜின் இடத்துக்குக் கறுப்புதான் அடிச்சாங்க. அந்தக் கறுப்புக்கு நடுவுல ஃபோர்டுக்கு நீல என்ஜின், ஷெவர்லேக்கு ஆரஞ்சு என்ஜின்னு எடுப்பா நிக்கும். அதே காலத்துல கிரைஸ்லர்காரன் பாடிக் கலரையே உள்ளேயும் அடிச்சான். இங்கிலாந்து வண்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால மஸ்டாங்குக்குக் கறுப்பு பொருந்தும். அது அந்த வீட்டு வழக்கம். ஹெரால்டுக்கு அடிச்சா, பட்டு வேட்டிக்கு மேல லெதர் ஜாக்கெட் போட்ட மாதிரி இருக்கும்.

வழக்கத்தை விடுங்க, உபயோகத்தைப் பாருங்க. இந்த மாதிரி பழைய இங்கிலாந்து என்ஜின்ல ஆயில் கசியாம இருக்காது. கசியலைன்னா உள்ளே ஆயில் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம்னு மெக்கானிக்குங்க கிண்டலாச் சொல்லுவாங்க. வெளிர் கலர்ல ஒரு சொட்டு ஆயில், ஒரு கோடு பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணி வழிஞ்ச தடம், தகரத்துல மயிரிழை விரிசல் எல்லாம் பளிச்னு காட்டிக் கொடுத்துடும். கறுப்பு எல்லாத்தையும் முழுங்கிடும். மங்கல் கறுப்புன்னா இன்னும் மோசம், எங்க ஊர்ப் புழுதி அதுல ஒட்டினா துடைக்கத் துடைக்கத் திட்டுத் திட்டா நிக்கும். வண்டியை அம்மாவுக்கு ஓட்டப் போறது ஊர்ல இருக்கற டிரைவர். ஒழுகறது கண்ணுக்குத் தெரியணும். கார் ஷோவுல நிக்கற அழகு எங்களுக்கு எதுக்கு?

சில்வர்? மேஸ்திரி அண்ணன் மேல மரியாதை உண்டு, ஆனா கேட்டுக்கு அடிக்கறதை காருக்குள்ள அடிக்க வேண்டாம். இதைப் பத்தி இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லை.

அண்ணனோட முழுப் பச்சைதான் யோசிக்க வேண்டிய கேள்வி. அசல்னா எது? கம்பெனி 1967ல அடிச்சதா, அப்பா 1983ல அடிச்சதா? கம்பெனிப் பச்சையில அந்தக் கார் ஓடினது பதினாறு வருஷம், அதுவும் பாதிக்கு மேல வேற யாரோ வீட்டுல. க்ரீம்ல ஓடினது அதுக்கப்புறம் முழுக்க. எங்க யாரோட கல்யாண போட்டோவுலயும் பச்சைக் கார் இல்லை. பச்சை எங்களுக்குத் தெரிஞ்சது பானெட்டைத் தூக்கும்போதுதான். பிளக்கைத் துடைக்க அப்பா கொக்கியைக் கழட்டுவாரு, நாங்க ஓடிப்போய் நிப்போம், திடீர்னு வேற ஒரு காரைப் பாத்த மாதிரி இருக்கும்.

அண்ணன் இன்னொண்ணும் சொல்றாரு. 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு விதி கொண்டுவந்துது. ஐம்பது வருஷம் தாண்டின, அசல் உருவம் மாறாத வண்டியை அதுல பதியலாம். நம்பர்ல விஏன்னு எழுத்து வரும். புதுசாப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். எல்லாம் சரி அண்ணா, ஆனா அதே விதியில இன்னொண்ணும் இருக்கு. அப்படிப் பதிஞ்ச வண்டியை தினசரி உபயோகத்துக்கு ரோட்டுல எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, இதுக்குத்தான் எடுக்கலாம். சித்தூர்க் காவுக்கு அம்மா போகணும்னா ஆட்டோதான். இப்ப இருக்கற ஆர்.சி.யைப் புதுப்பிச்சு வச்சுக்கிட்டா க்ரீம் கலரோட எங்கே வேணும்னாலும் போகலாம். வெளியே பச்சை அடிச்சா மறுபடி கலர் மாத்தி எழுதி வாங்கணும், அதுக்கு மனு, அலைச்சல். நீங்களும் நானும் லீவுல போய் வரிசையில நிக்கப் போறமா?

வேலைக்கு வருவோம், இதுதான் உங்களுக்கும் உதவும். இருக்கற பச்சை எந்தச் சாதிப் பெயிண்ட்னு முதல்ல தெரியணும். தின்னர்ல நனைச்ச துணியை வச்சுத் தேய்ச்சா கலர் துணியில இறங்கி வந்துதுன்னா அது நம்ம ஊர்ல ட்யூகோன்னு சொல்ற பழைய என்.சி. பெயிண்ட். அதுக்கு மேல நேரா டூ-கே பெயிண்ட் அடிச்சா, அந்தத் தின்னரோட சூட்டுக்குக் கீழே இருக்கறது சுருங்கித் தோல் மாதிரி எழும்பிடும். அதனால நல்லா இருக்கற இடத்தைத் தொடாம கழுவி, லேசா கம்பவுண்ட் போட்டு விட்டுடணும். துரு பிடிச்ச இடத்தை மட்டும் தகரம் தெரியற வரைக்கும் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் கொடுத்து அடிக்கணும். பேட்டரித் தட்டுல ஆசிட் தின்னிருக்கும், அங்கே கஞ்சத்தனம் கூடாது. பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழேயும் அப்படித்தான். பிரேக் ஆயில் பட்டா பழைய பெயிண்ட் வெண்ணெய் மாதிரி உருகிடும், அந்த இடத்துக்கு டூ-கேதான் தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு பாடிப் பெயிண்டைத் தப்பித்தவறிக்கூட அடிக்கக் கூடாது, முதல் ஓட்டத்துலயே புகைஞ்சு உரியும். சேஸிஸ் கறுப்பாவே இருக்கட்டும், அந்த ஒரு கறுப்பை அண்ணன் பையனுக்காக விட்டுக் கொடுத்திருக்கேன்.

கலர் பிடிக்கறதுக்கு வெயில் படாத இடம் வேணும். சேஸிஸ் நம்பர் தகடைக் கழட்டினா அதுக்குப் பின்னாடி 1967ல அடிச்ச பச்சை வெளுக்காம இருக்கும். மேஸ்திரி அண்ணன் கழட்டிக் காமிச்சாரு, வீடியோ கால்ல. எனக்கு வெந்தயக்கீரையா இருந்தது, அம்மாவுக்கு மாங்காய்த் தோலா இருந்தது, அண்ணனுக்கு நீலமாத் தெரிஞ்சுது. போன் திரையை நம்பி யாரும் கலர் தேர்ந்தெடுக்காதீங்க. பொள்ளாச்சியில கலர் கலக்கற கடைக்கு அந்தத் துண்டையே எடுத்துட்டுப் போய், ஒரு தகரத்துல அடிச்சுக் காயவச்சு, சாயங்கால வெயில்ல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஈரத்துல ஒரு கலர், காஞ்சா ஒரு கலர்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் யாரோடவும் பேச்சுவார்த்தைக்குத் தயாரில்லை. டூ-கே பெயிண்டோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. அடிக்கும்போது மூச்சுல போனா ஆஸ்துமாவே வந்துடும், ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் இழுக்கும். இங்கே வெளியிலிருந்து சுத்தமான காத்து வர்ற மாஸ்க் இல்லாம அடிக்க விடமாட்டாங்க. நம்ம ஊர் ஷெட்டுல பத்தொம்பது வயசுப் பையன் மூஞ்சியில கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அடிக்கறான். அந்த மாஸ்க்கும் குழாயும் வாங்க நான் தனியா பணம் அனுப்பிட்டேன், கார் கணக்குல சேர்க்க வேண்டாம். அது வந்து சேர்ற வரைக்கும் ஸ்ப்ரே கன்னை எடுக்க வேண்டாம்னு மேஸ்திரி அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். "ஒரு வாரம் தள்ளுமே தம்பி"ன்னாரு. தள்ளட்டும். ஐப்பசி போனா கார்த்திகை.

அண்ணன் நேத்து ராத்திரி ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாரு. "பச்சை எவ்வளவு வேணும்?" ஒரு லிட்டர் போதும், பேட்டரித் தட்டுக்கும் டச்-அப்புக்கும் அது தாராளம்னு பதில் போட்டிருக்கேன். இன்னும் நீல டிக் வரலை.