கதையில் வரும் மாமியும் பேசட்டும்



கதை எழுதும் ஆசை உங்களில் பலருக்கு உண்டு. சமையலும் பிள்ளைகளின் பாடமும் முடிந்து, இஷாவுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் கொப்பியைத் திறக்கிறீர்கள். அந்த அரை மணி நேரம் வீண்போகக் கூடாது என்பதற்காகவே இம்மாதம் இதைப் பற்றிக் கதைக்கிறேன்.

நம்மவர்களின் குடும்பக் கதைகளை எடுத்துப் பாருங்கள். சீதனம் கேட்கும் மாமி வருவாள். முதல் வரியிலேயே முகம் கடுகடுப்பாக இருக்கும். மருமகளோ தொழுகையாளி, பொறுமைசாலி, ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள். கடைசியில் மாமி நோயில் விழுவாள், மருமகள் பணிவிடை செய்வாள், மாமி அழுவாள். சீதனக் கொடுமை பொய்யல்ல. அதனால் வீட்டோடு முடங்கிப்போன குமர்கள் எத்தனை பேர்! அப்படியிருந்தும் கதை மனதில் தைப்பதில்லை. காரணம், அந்த மாமியை எழுதியவர் அவளை ஒரு நாளாவது பக்கத்தில் உட்காரவைத்து விசாரிக்கவில்லை.

அரபு இலக்கியத்தில் ஜாஹிழ் என்றொரு பெரும் எழுத்தாளர் இருந்தார். பஸராவைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 255இல் மறைந்தார். உலோபிகளைப் பற்றியே ‘கிதாபுல் புகலா’ என்று ஒரு நூல் எழுதினார். சிரிப்பு மூட்டும் நூல்தான். ஆனால் அதில் வரும் உலோபிகள் தங்கள் குணத்தைக் குறையாக நினைப்பதில்லை. சிக்கனம் என்கிறார்கள், வீட்டைக் கட்டிக்காப்பது என்கிறார்கள், அதற்கு நியாயமும் அடுக்குகிறார்கள்.

அதில் வரும் முஆதா என்ற பெண்ணைக் கேளுங்கள். பெருநாள் உழ்ஹிய்யாவுக்காக அவளுடைய உறவினர் ஒருவர் ஓர் ஆட்டை அன்பளிப்புச் செய்கிறார். அவளோ கவலையோடு தலைகுனிந்து இருக்கிறாள். ஏன் என்று கேட்டால், நான் ஒரு விதவை, பார்த்துச் செய்ய ஆளில்லை, இந்த இறைச்சியைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள், இதில் ஏதாவது வீணாகிவிடுமோ என்று பயப்படுகிறேன் என்கிறாள். பிறகு ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கிறாள். கொம்பைக் கூரை மரத்தில் அடித்தால் கூடைகளைத் தொங்கவிடலாம். குடல், பஞ்சு அடிக்கும் வில்லுக்கு நாண். எலும்பை உடைத்து அவித்தால் மேலே மிதக்கும் கொழுப்பு விளக்குக்கு. எஞ்சிய எலும்பு அடுப்புக்கு. தோல் பைக்கு ஆகும். புழுக்கை காய்ந்தால் அதுவும் விறகுதான். இரத்தம் ஒன்றுதான் மிச்சம்! அதற்கு வழி தெரியாமல் தவித்தவள், புதிய சட்டிகளில் பூசினால் அவை உறுதிப்படும் என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் நிம்மதியடைகிறாள். (இரத்தத்தின் பிக்ஹுச் சட்டம் வேறு பாடம். இங்கே பேச்சு கதையைப் பற்றியது.)

நாம் சிரிக்கிறோம். ஆனால் ‘விதவை’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? கைக்கு வந்தது வீணாகினால் மறுபடி கொண்டுவந்து தர ஆளில்லாதவள் அவள். ஜாஹிழ் அவளை ஏசவுமில்லை, அவளுக்காக அழவுமில்லை. அவளைப் பேசவிட்டார், அவ்வளவுதான். அதே நூலில் மர்யம் என்று இன்னொரு பெண்ணும் வருகிறாள். மகள் பிறந்த நாளிலிருந்து, மா பிசையும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மாவை எடுத்துவைத்து, சேர்ந்ததை விற்று, கலியாணத்தன்று கணவனே திகைக்கும்படி மகளுக்கு நகை பூட்டியவள். நமது உம்மாமார் சேர்த்த பிடியரிசி நினைவுக்கு வருகிறதல்லவா?

இனி உங்கள் மாமியிடம் வாருங்கள். அவள் ஏன் கேட்கிறாள்? மகளுக்கு ஒரு வீடு கொடுத்தே ஆகவேண்டும் என்ற வழக்கமுள்ள ஊரில், இன்னும் இரண்டு குமர்களை வைத்துக்கொண்டிருக்கிறாளா? தன்னிடமிருந்து வாங்கப்பட்டதை எண்ணிக்கொண்டே நாற்பது வருடம் வாழ்ந்தவளா? இதைத் தெரிந்துகொள்வதால் அவள் செய்வது சரியாகிவிடாது. மாறாக, வாசிக்கும் மாமிமாருக்கு அப்போதுதான் உறைக்கும். பேய் போன்ற ஒருத்தியைக் காட்டினால், ‘நான் இப்படி இல்லையே’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். மருமகளுக்கும் ஒரு குறை கொடுங்கள். கோபமே வராத பெண்ணை நான் இன்னும் கண்டதில்லை.

எழுதிய பிறகு யாரிடம் காட்டுவது? இங்கேதான் நம்மிடம் ஒரு பலவீனம். “மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு” என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பதை அன்பு என்று நினைக்கிறோம். குறை சொன்னால் மனம் நோகுமாம்.

அக்கால அரபிகளைப் பாருங்கள். தாயிபுக்கு அருகே உக்காழ் சந்தையில், நாபிகா என்ற மூத்த கவிஞருக்குச் சிவப்புத் தோல் கூடாரம் போடப்படும். மற்றவர்கள் வந்து கவிதை படிப்பார்கள்; அவர் தீர்ப்புச் சொல்வார். கன்ஸா (ரழி) அவர்களின் கவிதையை அவர் மெச்சியபோது, ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி) அவர்களுக்குக் கோபம் வந்ததாம். இது இருவரும் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முந்திய காலம். உடனே நாபிகா அவருடைய வரிகளைச் சொல் சொல்லாக எடுத்துப் பேசினார் என்று இலக்கிய நூல்கள் சொல்கின்றன. விருந்துப் பாத்திரங்களைப் பற்றிப் பெருமை பேச வந்தவர், சிறு தொகையைக் குறிக்கும் பன்மையைப் போட்டுவிட்டார். (அரபியில் கொஞ்சத்துக்கு ஒரு பன்மை, நிறையவுக்கு வேறு பன்மை உண்டு, மத்ரஸாவில் பிள்ளைகளைப் படுத்தும் பாடம் இது!) வாள்களுக்கும் அப்படியே. பாத்திரங்கள் பகலில் மின்னுவதாகப் பாடினார்; விருந்தாளி அதிகம் வருவதோ இரவில். இந்தக் குறைகளை எடுத்துச் சொன்னவர் கன்ஸாவே என்றும் சில நூல்களில் வருகிறது.

ஆளைத் தொடவில்லை, குலத்தைத் தொடவில்லை. இந்தச் சொல் உங்கள் நோக்கத்துக்கு உதவவில்லை என்று காட்டினார்கள். நீங்களும் ஒரு தோழியின் கதையை வாசித்தால், எந்த இடத்தில் உங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போனதோ அந்த வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஏன் என்று இரண்டு வரி சொல்லுங்கள். அவள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அடுத்த வீட்டில் போய்ச் சொன்னால் அது புறமாகிவிடும். உங்கள் கதைக்கு யாராவது கோடு போட்டால், “நான் நினைத்தது என்னவென்றால்…” என்று விளக்கத் தொடங்காதீர்கள். பத்திரிகையில் கதை வந்த பிறகு வாசகர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய் விளக்க உங்களால் முடியாது.

இந்த மாதம் ஒரு பக்கம் எழுதுங்கள். சீதனம் கேட்கும் மாமி, ஏன் கேட்கிறாள் என்பதைத் தன் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கலியாண வயதில் மகன் உள்ள ஒரு ராத்தாவிடம் வாசிக்கக் கொடுங்கள். நல்லாயிருக்கா என்று கேட்க வேண்டாம். “இவள் இப்படிப் பேசுவாளா?” என்று மட்டும் கேளுங்கள்.