காணாமல் போன கால்

அரியலூர் என்றால் எங்கள் அப்பா தலைமுறைக்கு 1956 ரயில் விபத்து. மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். (ஆமாம், அப்படியெல்லாம் செய்தார்கள்.) எங்கள் தலைமுறைக்கு அரியலூர் என்றால் சிமெண்ட். எனக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் ஒரு கால் ஞாபகத்துக்கு வரும். அதுவும் காணாமல் போன கால்.

போன மாதம் திருச்சிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டுக்காரர் அரியலூர் என்றார். விடுவேனா? "உங்க ஊர்ல டைனோசர் இருந்தது தெரியுமா சார்?" என்றேன்.

"முட்டைதானே? வாட்ஸ்அப்ல வந்துச்சே!"

2020-ல் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில், குன்னத்தில், குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, "முட்டை இல்லை, அம்மோனைட்" என்றார்கள். நத்தை மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் இருந்துகொண்டு கடலில் நீந்திய பிராணி. பார்க்க நத்தை, உறவு முறையில் கணவாய் மீனுக்குச் சொந்தம்.

"கடல் பிராணி எங்க ஊர்ல எப்படி சார்?"

நியாயமான கேள்வி. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கடல் தாண்டிப் படை அனுப்பினான் அல்லவா? அதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலே அந்தப் பக்கம் வந்து குடியிருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அதைத்தான் தோண்டி, அரைத்து, சுட்டு, மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள். உங்கள் வீடு அரியலூர் சிமெண்டில் கட்டியதென்றால், சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் பழைய கடலிலும் கொஞ்சம் அடிக்கிறீர்கள்.

அப்போது இந்தியாவே இந்த இடத்தில் இல்லை. மடகாஸ்கரோடு பாகம் பிரித்துக்கொண்டு, பூமத்திய ரேகைக்குத் தெற்கே தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வேகம் வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல். ஏறக்குறைய நம் தலைமுடி வளர்கிற வேகம். இதில் போய் ஆசியாவை இடித்து இமயமலையை எழுப்பியது சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்புதான்.

பாகம் பிரிந்தாலும் பங்காளிகளுக்கு முகஜாடை போகுமா? மடகாஸ்கரில் மஜுங்காசாரஸ் என்று ஒரு மாமிச டைனோசர். நர்மதைப் பக்கம் கிடைத்து, 2003-ல் பெயர் சூட்டப்பட்ட நம் ராஜாசாரஸும் அதே குடும்பம். நிலம் பிரிந்த கதையை எலும்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்கள்.

கடைசியில் அரியலூர்க் கடல் மெல்லப் பின்வாங்கியது. ஆற்று மணலும் களிமண்ணும் படிந்த தரையில் டைனோசர்கள் நடமாடின. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தைய அந்த மண்ணில், கல்லமேடு என்ற இடத்தில்தான் நம் 'கால்' கிடைத்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987 தேதியிட்ட கட்டுரையில் அதற்குப் பெயர் வைத்தார்கள்: புருஹத்காயோசாரஸ். நம்ம சமஸ்கிருதம்தான். பிருஹத் காயம், பேருடல்.

பெயர் சும்மா இல்லை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை போகிற எலும்பு மட்டும் 2 மீட்டர். வீட்டு வாசல் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் கீழ்க்கால்! உடம்பு 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்று 2023-ல் ஒரு கணக்கு வெளியானது. இருபது யானை எடை. கணக்கு சரியென்றால், உலகத்தில் தரையில் நடந்த ஜீவன்களிலேயே இதுதான் பெரிசு. முதலில் அதை மாமிச பட்சிணி என்று எழுதியிருந்தார்கள். 1995-ல் சங்கர் சாட்டர்ஜி, "இல்லை, இது இலை தழை தின்கிற கூட்டம்" என்று சைவமாக்கிவிட்டார்.

எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேங்கப்பா! எங்கே சார் வெச்சிருக்காங்க? பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எங்கேயும் இல்லை. அது உறுதியில்லாத எலும்பு. வெளியே எடுத்ததைக் காப்பாற்ற முடியாமல் நொறுங்கிப் போய்விட்டது. 2017-ல் வந்த கட்டுரை ஒன்று இதைச் சொன்னது. எழுதிய இருவரில் அய்யாசாமியும் ஒருவர். மிச்சம் இருப்பது படங்களும் அளவுகளும்தான். 2022-ல் பழைய போட்டோக்கள் சில வெளியாயின.

எலும்பு இல்லாத வழக்கில் சந்தேகம் தீருமா? அது எலும்பே இல்லை, கல்லாய்ப் போன மரம் என்றுகூடச் சிலர் கேட்டார்கள். அப்படிப்பட்ட மரமும் பக்கத்தில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்தில், சுமார் 12 கோடி வருஷத்து மரம் கல்லாய்க் கிடக்கிறது. வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். மரம் பிழைத்தது; கால் பிழைக்கவில்லை. கடல் வந்து போய், கண்டம் நகர்ந்து, எரிமலை பொங்கி, விண்கல் விழுந்து, இத்தனையும் தாங்கிய எலும்பு நம் கைக்கு வந்து முப்பது வருஷம் தாங்கவில்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், எங்க வீட்லயும் ஒரு கல்லு கெடக்கு. கெணறு தோண்டறப்ப வந்தது. சுருட்டி வெச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

"எங்கே வெச்சிருக்கீங்க?"

"கொல்லைக் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுத்திருக்கோம்."

வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு தடவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றேன். தலையாட்டினார். அரியலூர் வந்தது. இறங்கியவர் ஜன்னலோரம் வந்து குனிந்தார்.

"எடுத்துட்டுப் போறேன் சார். ஆனா கதவுக்கு என்ன வெக்கிறது?"

செங்கல் வையுங்கள் ஸ்வாமி. அதைச் செய்ய ஏழு கோடி வருஷம் ஆகாது.