ஓய்வு காலத்தில் தோல் வேலை

அயனம்பாக்கம், பாடி, அம்பத்தூர் வட்டாரங்களில் தொழிற்சாலை வேலையினின்று ஓய்வு பெற்றோர் பலர் உளர். முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற கை, திடீரென்று சும்மாயிருக்க உடன்படுவதில்லை. அத்தகையோர்க்குத் தோல் வேலை மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் அங்கத்தினர்களுக்குத் தோல் புதிய பொருளன்று. கைத்தறியில் நாடாவை எறியும் பிக்கர் எருமைத் தோலால் செய்யப்பட்டது. கவலை இறைத்த காலத்தில் சாலின் தும்பியும் தோலே. 1903-ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறைப் பதனிடுதலைத் தொடங்கியபோது, நீரில் எளிதில் கெடாத அத்தோல் கவலைக்கு உதவும் என்றே எண்ணினார். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையாலேயாம்.

புதிதாகப் பழகுவோர் குரோம் தோலை விடுத்துப் பட்டைத் தோலை வாங்குதல் நலம். ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோல் நீரை உறிஞ்சும். ஈரத்தில் வளைத்தால் உலர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும். அச்சுப் பதித்தால் பதியும். குரோம் தோல் மென்மையானது, அச்சை ஏற்காது. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால், தோல் கடைகள் நிறைந்த பெரியமேடு நடந்து செல்லும் தூரமே. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் செலுத்தித் தைக்க வேண்டும். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு மெழுகு நூல் தேவை. ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக் கொள்ளும். இயந்திரத் தையலுக்கு அந்த உறுதி இல்லை.

இவற்றை யாரிடம் கற்பது? படம் பார்த்துக் கற்கலாம் என்பர். தெரு முனையில் குடை விரித்து அமர்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியைக் கடந்து சென்றா? முதுகுத் தோல் உறுதியானது, வயிற்றுத் தோல் இழுபடும் என்பதை அவர் விரலால் தொட்டே சொல்லிவிடுவார். அவரிடம் போகாமைக்குக் காரணம் நேரமின்மை அன்று. பழைய சாதி எண்ணமே. தீண்டாமையை 1950-இல் அரசியல் சட்டம் ஒழித்தது. நம் கூச்சத்தைச் சட்டம் எங்ஙனம் ஒழிக்கும்?

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் கட்டடக் கலை வல்லுநர், வசதி மிக்கவர். அவர் மரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். 1910-இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் அதை அவரிடம் கற்றார். பின்னர்ச் சிறையில் தாம் செய்த செருப்பொன்றைத் தம்மைச் சிறையிட்ட தளபதி ஸ்மட்ஸுக்கே பரிசளித்தார். பாரிஸ்டருக்கு வராத இழிவு, ஓய்வு பெற்ற மேஸ்திரிக்கு வந்துவிடப் போவதில்லை.

இனி, நான் சொன்ன நிபந்தனை. ஓய்வூதியம் வாங்குபவர் பொழுது போக்குக்காகத் தைத்த வாரை, தோல் விலைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டால், அவ்வேலையையே நம்பி வாழ்பவர் என் செய்வார்? கூலியைக் கணக்கில் சேர்க்காத சரக்கு சந்தைக்கு வந்தால் என்ன நேரும் என்பதை நெசவாளருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதைக் கண்டு நாம் கொதிக்கவில்லையா? ஆகவே, வீட்டார்க்கும் நண்பர்க்கும் பரிசாகத் தைத்துக் கொடுங்கள். விற்பதாயின், தெருமுனைத் தொழிலாளி கேட்கும் விலைக்கு ஒரு ரூபாயும் குறையாமல் விற்றல் வேண்டும். செருப்பு பழுது பார்க்கும் வேலையை முற்றிலும் அவருக்கே விட்டுவிடுக.

கிராமச் சங்கங்கள் தம் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை இடம் ஒதுக்கி, அத்தொழிலாளியை ஆசிரியராக அமர்த்தலாம். மாணவர் தரையில் அமரட்டும், ஆசிரியருக்கு நாற்காலி. அவர் அன்று இழக்கும் வருமானத்துக்குக் குறையாத சம்பளத்தைக் கற்போரே கொடுக்க வேண்டும். தொகையை மகாசபை தீர்மானிக்கலாம். அக்கூட்டத்துக்கு அவரையும் அழைத்துக் கேட்க வேண்டும்.