ஐம்பது விழுக்காடு என்னும் மூடநம்பிக்கை

உறைவிந்து ஆய்வில் இருக்கும் மாணவர்களுக்கும் அவர்தம் நெறியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

நம் பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் காளைகளின் விந்து உறையவைக்கப்படுகிறது. உருக்கியபின் குறைந்தது 50 விழுக்காடு விந்தணுக்களேனும் முன்னோக்கி நீந்த வேண்டும். இல்லையேல் அத்தொகுதி கழிக்கப்படும். இது மாட்டு உறைவிந்துக்கான நாட்டின் தரநெறி. காளைக்கு அது பொருந்தும். காளை விந்து கொடுக்கப் பழக்கப்பட்ட விலங்கு. அதன் எண்ணைச் சினைப்பிடிப்பு விகிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கணக்கற்ற கருவூட்டல்கள் உள்ளன. அந்த எண்ணை அப்படியே புள்ளிமானின் தலையில் கட்டுவது எவ்வகை அறிவியல்?

அண்மையில் ஓர் ஆய்வரங்கில் மாணவி ஒருவர் தம் முடிவை முன்வைத்தார்: உருக்கியபின் இயக்கம் 38 விழுக்காடு. "ஐம்பதைத் தொட்டபின் எழுதுங்கள்" என்றார் அவையில் ஒருவர். எவரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இப்பதிவு.

"ஐம்பதைத் தொடு" என்றால் மாணவர் என்ன செய்வார்? நுண்ணோக்கியில் நன்றாக நீந்தும் பகுதியைத் தேடுவார். உறைதலைத் தாங்காத கலைமானின் மாதிரியைக் "குறையுடையது" என ஒதுக்குவார். ஆனால் ஒரு கலைமானின் விந்து தாங்குவதும் மற்றொன்றின் விந்து தாங்காததுமே நாம் அறிய வேண்டிய செய்தி. வெல்வெட் போர்த்திய கொம்புடைய கலைமானையும் முற்றிய கொம்புடையதையும் ஒரே சராசரியில் கலப்பது அடுத்த பிழை. 3 மான்களிடம் பத்துப் பத்து முறை சேகரித்துவிட்டு 30 மாதிரிகள் என எழுதுவது அதனினும் பெரிய பிழை. அங்கே மான்கள் மூன்றுதான்.

இயக்கம் வேறு, பிழைப்பு வேறு. உருக்கிய முதல் நிமிடத்தில் நீந்தும் விந்தணு இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடக்கூடும். தலையின் நுனியுறையான அக்ரோசோமை இழந்த அணுவும் நீந்தும். ஆனால் முட்டையைத் துளைக்காது. ஸ்பெயினில் செம்மான்களைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வு, ஆணின் கருவூட்டும் திறனை விந்தணுவின் வேகத்தோடும் இயல்பான வடிவுடைய அணுக்களின் விகிதத்தோடும் தொடர்புபடுத்தியது. நாமோ விழுக்காடு ஒன்றையே கட்டி அழுகிறோம்.

"தர அளவுகோலே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், மானிடமிருந்தே பெற்ற அளவுகோல் வேண்டும். ஐதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகத்தார் செயற்கைக் கருவூட்டல் வழியே 2006இல் புள்ளிமான் குட்டியையும் 2007இல் வெளிமான் குட்டியையும் பிறக்கச் செய்தனர். இறுதிச் சான்று குட்டிதான். அதுவரை நம் எண்கள் யாவும் ஊகத்தின் படிகளே.

இது வெறும் புள்ளியியல் சண்டையன்று. காளையைப் போல மான் விந்து கொடுக்க வந்து நிற்பதில்லை. மயக்க மருந்து செலுத்தி, மின்தூண்டலால் விந்து சேகரிக்கிறோம். பிடிபடும் அச்சத்திலேயே தசை சிதைந்து மாளக்கூடிய விலங்கு அது. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற மாதிரியின் உண்மை எண்ணை மறைப்பது அந்த மானுக்குச் செய்யும் துரோகம். மணிப்பூரின் சங்காய் மான் 1975ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெறும் 14. அத்தகைய இனத்துக்கு நாளை உறைவிந்து தேவைப்பட்டால், நம் ஆய்வேடுகளைத்தான் புரட்டுவார்கள். அங்கே அழகுபடுத்திய ஐம்பதுகள் மட்டுமே இருந்தால் யார் பொறுப்பு?

ஆகவே நெறியாளர்களே, எத்தனை மான்கள், கொம்பு எந்நிலையில், உருக்கி எத்தனை நிமிடம் கழித்து, மாதிரி எதுவென அறியாதவர் எண்ணினாரா என்று முதலில் கேளுங்கள். விழுக்காட்டைப் பிறகு கேளுங்கள். அந்த 38 அப்படியே அச்சேறட்டும்.