கல்லாவுக்கு எத்தனை படி?

"மாமா, ரீட்டெயில்ல நல்ல கரியர் இருக்குதாம். ட்ரெயினிங் குடுத்து, வேலையும் வாங்கித் தர்றாங்களாம்" என்று அக்கா மகள் ஒரு நோட்டீசோடு வந்து நின்றாள். பன்னிரண்டாவது முடித்தவள். நோட்டீசில் ஓர் ஏணி வரைந்திருந்தது. அடிப்படியில் பயிற்சியாளர், அடுத்து விற்பனை உதவியாளர், அதற்கு மேல் மேற்பார்வையாளர், உச்சியில் மேலாளர். 2015இல் பிரதமர் பெயரில் திறன் வளர்ப்புத் திட்டம் வந்ததிலிருந்து இந்த ஏணியை நம் தெருப் பிள்ளைகளுக்கு நிறையவே காட்டுகிறார்கள்.

அந்த ஏணியில் 17 வருசம் நின்றவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

டவுனில் ஒரு ஜவுளிக்கடை. பேர் வேண்டாம், எல்லாக் கடைக்கும் பொருந்தும். வேலை கேட்டுப் போன அன்றைக்கு முதலாளி படிப்பைக் கேட்கவில்லை. "எந்த ஏரியா?" என்றார். உப்பளம் என்றேன். "உப்பளம்னா எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். "சரி, குடோன்ல போய் நில்லு."

தமிழனுக்குப் பேருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். பேரில் இல்லாததைத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். பேரில் சாதி இருக்கிற ஊர்களில் நடந்த கதையும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இரண்டு பேரும் தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பு ஒன்றுதான், பேர் மட்டும் வேறு. தலித் பேருக்குப் பதில் வந்தது குறைவு. முஸ்லிம் பேருக்கு அதைவிடக் குறைவு. 'தகுதி, திறமை' என்று கத்துகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

குடோனில் மூன்று வருசம் மூட்டை தூக்கினேன். பிறகு புடவை செக்‌ஷன். காலையில் ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்கணும். தீபாவளி மாசத்தில் நேரமே கிடையாது. ஒரு அம்மாவுக்கு அறுபது புடவை பிரித்துப் போடுவேன், ஒன்றும் எடுக்காமல் எழுந்து போவாங்க, அறுபதையும் மடிப்புக் கலையாமல் மடித்து வைப்பேன். நான் தொட்டு மடித்த புடவையை எத்தனை அக்ரகாரத்துக் கல்யாணத்தில் கட்டினார்களோ! துணிக்குத் தீட்டு இல்லை. கல்லாவுக்குத்தான் தீட்டு.

என் கையில் வேலை கற்ற பையன் ஒருத்தன் நாலே வருசத்தில் கல்லாவுக்குப் போனான். நான் முதலாளியிடம் கேட்டேன். "உன் மேல எனக்கு நம்பிக்கைதான்யா. ஆனா கல்லான்னா நம்ம ஆளா இருந்தாதான் சரிப்படும்" என்றார். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 17 வருசத்தில் பத்து ரூபாய் கணக்கு உதைத்ததில்லை எனக்கு. அப்புறம் என்ன நம்பிக்கை? 'நம்ம ஆளு' என்பதற்கு என்ன பேர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இது புதுசும் இல்லை. பம்பாய் மில்களில் தீண்டத்தகாதவர்களை நெசவுப் பிரிவில் சேர்க்கமாட்டார்கள். நாடா மாற்றும்போது நூலை எச்சில் தொட்டு இழுக்கணும், அதனால் தீட்டு என்றார்கள். நல்ல கூலி அந்தப் பிரிவில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இந்தக் கதவையும் திறக்கச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு நூல், இன்றைக்கு ரூபாய் நோட்டு. கூலி கூடுகிற இடத்தில் வந்துதான் தீட்டு நிற்கிறது.

என் அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். மில் ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. அந்தச் சங்கு சும்மா வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வருசம் எட்டு மணி நேர வேலை இந்த ஊரில் சட்டமானது. 2011 தானே புயலில் அடிவாங்கிய மில்லை 2020இல் இழுத்து மூடினார்கள். அப்பன் நெய்தான், மகன் மடிக்கிறான். அவருக்கு எட்டு மணி நேரம், எனக்குப் பன்னிரண்டு. இதற்குப் பேர் முன்னேற்றமாம், கரியராம்!

உட்காரக்கூட சண்டை போடணும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரி முன்னால் நிற்க, கடைப் பெண்கள் சேர்ந்து போராடினார்கள். 2018இல் கேரளச் சட்டம் திருந்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் போட்டது. ஒரு நாற்காலிக்கே இவ்வளவு பாடு என்றால் கல்லா நாற்காலிக்கு எவ்வளவு?

தோழர்களே, உங்களையும் கேட்கிறேன். தொழிற்சங்கத் தோழர்கள் மில் வாசலில் கொடி நட்டீர்கள். மில் போன பிறகு அந்தப் பிள்ளைகள் எந்த வாசலில் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா? பல்கலைக்கழகத்துத் தம்பி தங்கைகளே, அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு நாம் பேசுகிறோம், சரி. அரசு வேலையே சுருங்கிக்கொண்டு வருகிறதே? தனியார் துறையில் ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம் என்று 2004இல் மத்திய அரசு எழுதி வைத்தது. 2006இல் முதலாளிகள் சங்கங்கள் "நாங்களே மனமுவந்து செய்கிறோம்" என்று சொல்லிவிட்டன. இவனுங்க மனசு உவந்த கதையைத்தான் மேலே சொன்னேன்.

நமக்குக் கிடைத்தது எதுவும் எவன் மனசாலும் கிடைக்கவில்லை. எழுதி, சட்டமாக்கித்தான் கிடைத்தது. ஆகவே கேட்கிறேன்: கல்லா வரைக்கும் யார், எத்தனை வருசத்தில், எதை வைத்து ஏறலாம் என்று கடைக்காரன் எழுதி ஒட்டட்டும். அரசுப் பணத்தில் பயிற்சி நடத்துகிறவன், எத்தனை பேரை அனுப்பினான் என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று வருசம் கழித்து அவர்களில் எத்தனை பேர் எந்தப் படியில் இருக்கிறார்கள், அதில் எங்க சனம் எத்தனை என்று கணக்குக் காட்டட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு சட்டமாகட்டும்.

அக்கா மகளை நான் தடுக்கவில்லை. தடுக்க வேறு வேலை வைத்திருக்கிறேனா? "போ கண்ணு. வேலையில சேர்ந்த அன்னிக்கே நியமனக் கடிதம் கேளு. பி.எப்., ஈ.எஸ்.ஐ. நம்பர் கேளு. மேலே ஏற என்ன விதின்னு கேளு. எதுவானாலும் எழுத்துல கேளு" என்றேன்.

"கேட்டா வேலைக்கே வேணாம்னுடுவாங்களே மாமா?" என்றாள்.

ஒருத்தியாகக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அவளை ஒருத்தியாகக் கேட்க விடப்போகிறோமா என்பதுதான் உங்களுக்கு நான் வைக்கிற கேள்வி.